எந்தப் பேட்டை நல்ல பேட்டை?

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு ஒரு ஞானம் பிறக்கும். இந்த ஊரில் நல்ல பேட்டை என்பது எப்போதும் நாம் குடியிருக்காத பேட்டைதான். மயிலாப்பூர்க்காரர் அடையாற்றின் காற்றைப் புகழ்வார். அடையாற்றுக்காரரோ, "என்ன இருந்தாலும் மயிலாப்பூரில் வாசலை விட்டு இறங்கினால் கோயில், காய்கறி, கச்சேரி எல்லாம் இருக்கிறதே!" என்று பெருமூச்சு விடுவார். திருவல்லிக்கேணிக்காரர் மட்டும் வேறு எந்தப் பேட்டையையும் புகழமாட்டார். அதே சமயம் தம் பேட்டையைத் திட்டாமலும் இருக்கமாட்டார். ஆனால் இவர்கள் எல்லாரும் ஒருமனதாக ஒப்புக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. வீடு பார்க்க வடக்கே போகக் கூடாது என்பதுதான் அது. வடக்கு என்றால் காசி அல்ல. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி.

இந்த ஒருமித்த அபிப்பிராயத்தால் அடிபட்டவர் என் நண்பர் ஒருவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே படித்து, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெண் நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருக்கிறாள். ஒரு நாள் பெண் பார்க்க வந்தார்கள். ஜாதகம் பொருந்தியிருந்தது. பெண்ணைப் பிடித்திருந்தது. கேசரியைக்கூடப் பிடித்திருந்தது. புறப்படும்போது மாப்பிள்ளையின் தகப்பனார், "இந்த வீடு சொந்தமா? இங்கேதான் இருக்கப் போகிறீர்களா?" என்று கேட்டாராம். "ஆமாம்" என்றார் நண்பர். "ஓ, அப்படியா?" என்றார்களாம். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

இரண்டாவது முறையும் இதே "ஓ, அப்படியா" கிடைத்தபோது நண்பர் என்னிடம் வந்தார். "ஓய்வூதியப் பணம் வந்திருக்கிறது. ராயபுரத்து வீட்டையும் விற்றுவிடப் போகிறேன். தெற்கே ஒரு வீடு பார்த்துக் கொடு. நீதான் நாலைந்து பேட்டைகளில் குடியிருந்தவனாயிற்றே!" என்றார்.

நான் நாலைந்து பேட்டைகளில் குடியிருந்தது என் விருப்பத்தினால் அல்ல, வீட்டுக்காரர்களின் விருப்பத்தினால். ஆனாலும் அவர் ஆயுட்காலச் சேமிப்பையே கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கும்போது அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்து அலைந்தோம். எங்களுடன் நண்பரின் தாயாரும் வந்தார். எண்பது வயதைக் கடந்த கிழவி. போகும் வீடுகளில் அவர் சமையலறையைப் பார்க்கவில்லை, பூஜையறையைப் பார்க்கவில்லை. நேரே பால்கனிக்குப் போய்க் கீழே தெருவை எட்டிப் பார்ப்பார். பிறகு தரகரைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்:

"மழை பேஞ்சா தண்ணி எங்கே போவும், தம்பி?"

மேற்கு மாம்பலத்தில் ஒரு தரகர் சிரித்துவிட்டார். "பாட்டி, இது ரொம்ப நல்ல ஏரியா!" என்றார்.

"அதைத்தாம்பா நானும் கேக்கறேன். ஏரியா?" என்றார் கிழவி.

தரகருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சென்னைப் பட்டணத்தின் முந்நூற்று எண்பது வருஷச் சரித்திரமும் அந்தக் கிழவியின் கேள்விக்குள் அடங்கிவிட்டது போல் தோன்றியது.

எப்படி என்று சொல்லுகிறேன்.

1639-இல் கிழக்கிந்தியக் கும்பினியார் இந்தக் கடற்கரையில் இடம் வாங்கி, அடுத்த ஆண்டு ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். கோட்டைக்குள் வெள்ளையர் குடியிருந்தார்கள். கோட்டையை ஒட்டி வடக்கே நெசவாளர்களும் வியாபாரிகளும் துபாஷிகளும் குடியேறினார்கள். கோட்டைக்குள் இருந்தது வெள்ளையர் பட்டணம்; வெளியே இருந்தது கறுப்பர் பட்டணம். அப்படியே பெயர் வைத்தார்கள். பேட்டையைச் சொன்னால் ஆளை எடை போடும் வழக்கம் நம் ஊரில் அன்றைக்கே பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-இல்தான் அது ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. இடையில், கோட்டைச் சுவருக்கு அருகில் இருந்த வீடுகள் எதிரிக்கு மறைவாக இருக்கும் என்று பிரெஞ்சுக்காரர்கள் கறுப்பர் பட்டணத்தில் ஒரு பகுதியை இடித்துத் தள்ளினார்கள். பிறகு 1758-59-இல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி முற்றுகையிட்டான். அவன் திரும்பிப் போன பிறகு, மீதியிருந்த வீடுகளை ஆங்கிலேயர்களே இடித்தார்கள். பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் அல்லவா? இனி இந்த எல்லைக்குள் ஒருவரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-இல் தூண்கள் நாட்டினார்கள். அவற்றில் ஒன்றை இன்றும் பாரி முனையில் காணலாம். இடிபட்ட பட்டணத்தின் தலையில்தான் இப்போது உயர்நீதிமன்றம் நிற்கிறது; அது 1892-இல் திறக்கப்பட்டது. அங்கே தினந்தோறும் எத்தனையோ பேர் வீட்டு வழக்குகளுக்காக வந்து போகிறார்கள். அந்த இடமே ஒரு பெரிய வீட்டு வழக்கு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வீடு இழந்தவர்கள் இன்னும் வடக்கே நகர்ந்து, முத்தியாலுப்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் குடியேறினார்கள். அதுதான் பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. அந்தப் பகுதி ஏழை எளியவர்களின் ஒதுக்கிடம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நாளில் சென்னையின் பணமெல்லாம் அங்கேதான் இருந்தது. தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, பவழக்காரத் தெரு, ஆர்மீனியன் தெரு என்ற பெயர்களைப் படித்துக்கொண்டு போனாலே யார் யார் அங்கே வாழ்ந்தார்கள் என்று தெரியும். 1772-இல் ஏழுகிணற்றிலிருந்து கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோக ஏற்பாடு செய்தார்கள். கோட்டைக்குள் இருந்த துரைமார்களின் தாகத்தைத் தீர்த்தது வடக்கேயிருந்து போன தண்ணீர்தான்.

அந்தக் காலத்துப் பேட்டைகள் தொழிலால் அமைந்தவை. கும்பினியின் துணிகளை வெளுக்கிறவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. காலட் என்ற கவர்னர் திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களைக் குடியேற்றினார். அது காலடிப்பேட்டை ஆயிற்று. 1734-இல் கூவத்தின் வளைவுக்குள் நெசவாளர்களுக்கென்றே ஒரு பேட்டையை உண்டாக்கினார்கள். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை என்று மருவியது என்று சொல்வார்கள். அங்கெல்லாம், "இது வசிக்க நல்ல இடமா?" என்று யாரும் கேட்கவில்லை. தறி இருந்த இடத்தில் மனிதன் இருந்தான், அவ்வளவுதான்.

வேலை செய்யும் இடம் ஒன்று, வாழும் இடம் வேறு என்ற எண்ணத்தை இங்கே கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1799-இல் திப்பு சுல்தான் மடிந்து யுத்த பயம் நீங்கியது. முன்பு ஓரளவே இருந்த தோட்ட வீடுகள், அதன் பிறகு எழும்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் அடையாற்றங்கரையிலும் பெருகின. கோட்டையில் உத்தியோகம், தோட்டத்தில் வாசம் என்று ஆயிற்று. பின்னால் நம்மவர்களில் வசதி வந்தவர்களும் அதே வழியில் நடந்தார்கள். உயர்நீதிமன்றத்தில் சம்பாதித்த வக்கீல்கள் மயிலாப்பூரில் பெரிய பெரிய வீடுகள் கட்டினார்கள். திருவல்லிக்கேணியில் 1878-இல் 'ஹிந்து' பத்திரிகை பிறந்தது. 1904-இல் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அந்தப் பேட்டையில் வாழ்ந்துதான் 1921-இல் பாரதியார் மறைந்தார். இவ்வாறாக, தெற்கே கௌரவம் வளர்ந்தது. வடக்கே என்ன வளர்ந்தது?

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அடையாற்றில் ஒரு வீட்டைப் பார்ப்பதற்காகக் கடற்கரைச் சாலை வழியாகக் காரில் போய்க்கொண்டிருந்தோம். மெரினாவின் அகன்ற மணல்வெளியைக் கிழவி வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதெல்லாம் எங்க மண்ணு, தம்பி" என்றார்.

நண்பர், "அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் ராயபுரம்தான்!" என்று சிரித்தார். ஆனால் கிழவி சொன்னதில் கொஞ்சங்கூடப் பிசகில்லை.

ராயபுரத்தின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது அங்கிருந்துதான். 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி போயிற்று. சென்ட்ரல் ஸ்டேஷனின் கட்டடம் எழும்பியது அதற்குப் பல வருஷம் கழித்து. சென்னைக்குத் துறைமுகம் வேண்டும் என்ற யோசனை வலுத்தபோது, ராயபுரத்துக்கும் கோட்டைக்கும் நடுவேதான் இடம் குறித்தார்கள். 1875-இல் வேலை தொடங்கியது. கடலுக்குள் நீண்ட சுவர்கள் எழுந்தன. 1881-இல் வந்த புயல் அவற்றை உடைத்துப் போட்டது. விடாமல் மறுபடி கட்டினார்கள்.

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை அதைத் தள்ளிக்கொண்டே போகிறது. சில மாதங்கள் தெற்கே போனாலும், ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதன் பயணம் வடக்கு நோக்கித்தான். அந்த வழியில் துறைமுகத்தின் சுவர் குறுக்கே வந்து நின்றது. தெற்கிலிருந்து வந்த மணல் சுவருக்கு இப்பாலே தங்கியது. முன்பு சாலைக்கு வெகு அருகில் அடித்துக்கொண்டிருந்த கடல், வருஷா வருஷம் பின்வாங்கியது. கிராண்ட் டஃப் என்ற கவர்னர் அங்கே உலாவுவதற்குப் பாதை போட்டு, 1884-இல் மெரினா என்று பெயர் சூட்டினார். இன்று நாம் சுண்டல் தின்னும் மணல்வெளி இப்படி வந்ததுதான்.

சுவருக்கு அப்பால் என்ன ஆயிற்று? அலை அங்கேயும் வழக்கம்போல் மணலைத் தள்ளிக்கொண்டு போனது. ஆனால் போன மணலுக்கு ஈடாகத் தெற்கேயிருந்து புதிய மணல் வரவில்லை. கடல் உள்ளே புகுந்தது. ராயபுரத்திலும் அதற்கு வடக்கேயும் கரை கரைந்தது; வீடுகள் போயின; தெருக்கள் போயின. கருங்கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் மிச்சமிருப்பதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். "எங்க மாமியா வாக்கப்பட்டு வந்த வீடு, அந்தக் கல்லுக்கு அந்தாண்ட தண்ணிக்குள்ளே இருக்குது" என்றார் கிழவி.

ஒரே சுவர். தெற்கே அது கொடுத்தது, வடக்கே அது எடுத்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஊருக்குத் துறைமுகம் வேண்டியிருந்தது. ஆனால் மெரினாவில் காற்று வாங்கிவிட்டு, "ராயபுரத்தில் ஒரு நல்ல கடற்கரைகூட இல்லையே!" என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அது நியாயமா?

கடற்கரை மட்டுமா? ஊருக்கு வேண்டியது, ஆனால் பக்கத்தில் வேண்டாதது என்று எதையெல்லாம் நினைத்தார்களோ, அதையெல்லாம் வடக்கே வைத்தார்கள். பெரம்பூர்ப் பக்கத்தில் 1876-இல் பக்கிங்ஹாம் மில் வந்தது. பிறகு கர்நாடிக் மில் வந்தது. தொழிலாளிகளின் வியர்வையும் 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும் அந்தப் பேட்டைக்கு. துணியின் பெயர் உலகத்துக்கு. 1996-இல் அந்த மில்களும் மூடப்பட்டன. மின்சாரம் வேண்டுமென்றால் பேசின் பிரிட்ஜிலும் எண்ணூரிலும் புகை. பெட்ரோல் வேண்டுமென்றால் மணலியில் புகை. குப்பை கொட்ட வேண்டுமென்றால் கொடுங்கையூர். ரயில் முதலில் வந்த ராயபுரத்தின் பக்கம் மெட்ரோ ரயில் கடைசியில்தான் எட்டிப் பார்த்தது. 2015-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே அது ஓடத் தொடங்கிற்று. வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் போவதற்கு 2021 ஆயிற்று.

சரி, தெற்கே கொடுத்து வைத்தவர்கள் சுகமாக இருக்கிறார்களா? இங்கேதான் கிழவியின் 'ஏரியா' வருகிறது.

தியாகராய நகர் இருக்கும் இடத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் தண்ணீர் இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் வளைந்து கிடந்த பெரிய ஏரி அது. நெடிய ஏரி என்று பொருள்படும்படி வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டாங்க்' என்றார்கள். பட்டணத்தில் ஜனங்கள் பெருகி இடம் போதாமல் போகவே, 1920-இல் நகர அமைப்புச் சட்டம் ஒன்று வந்தது. ஏரியை வடித்துவிட்டு மனை போட்டார்கள். நீதிக் கட்சித் தலைவர் தியாகராய செட்டியாரின் பெயரை நகருக்கு வைத்தார்கள். முதன்மந்திரியாக இருந்த பனகல் ராஜாவின் பெயரைப் பூங்காவுக்கு வைத்தார்கள். 1931-இல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலத்துக்கு வாழ்வு வந்தது. அகலமான தெரு, வீட்டைச் சுற்றித் தோட்டம், பக்கத்திலே பூங்கா என்று குடியிருப்பதற்காகவே திட்டமிட்ட நகர் அது. இன்றைக்கு ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முன் போய்ப் பார்த்தால், குடியிருப்பதற்காகப் போட்ட திட்டத்தைக் கடைகள் எப்படி வாங்கிக்கொண்டன என்பது தெரியும்.

ஏரி போய்விட்டது. ஆனால் பெயர் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கே நின்று எத்தனை எட்டிப் பார்த்தாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. அந்தக் கரைக்கு உரிய ஏரியைத் தேடினால் வீடுகள்தான் தெரியும். 1976-இல் வள்ளுவர் கோட்டம் கட்டியதும் பழைய ஏரிப்படுகையில்தான். மனிதர்கள் மறந்தாலும் தண்ணீர் மறப்பதில்லை. 2021 நவம்பரில் பெய்த மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் தண்ணீர் வந்து நின்றபோது, எல்லாரும் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்றார்கள். தண்ணீருக்கு வாய் இருந்தால், வீடுதான் எனக்குள் புகுந்தது என்று சொல்லியிருக்கும்.

அதற்கு ஆறு வருஷம் முன்னால், 2015 டிசம்பரில், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டபோது அடையாறு பெருகியதை யாரும் மறந்திருக்க முடியாது. கோட்டூர்புரத்திலே பங்களாவும் குடிசையும் ஒன்றாக மூழ்கின. ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் ஜனங்கள் மொட்டைமாடியில் இருந்தார்கள். ஏரியும் சதுப்புமாக இருந்த வேளச்சேரியில் தெருவிலே படகு வந்தது. அந்த ஒரு வாரம் சென்னையில் நல்ல பேட்டை, கெட்ட பேட்டை என்ற பேச்சே இல்லை. மேடு, பள்ளம் என்ற இரண்டே ஜாதிதான்.

தண்ணீர் வடிந்ததும் பழைய பேச்சு வந்துவிட்டது. ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்களை, "உங்கள் நன்மைக்காகத்தான்" என்று பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது! வெள்ளத்துக்குப் பயந்து எழுப்பியவர்களைத் தண்ணீர் தங்கும் பள்ளத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பழைய இடத்துக்கே பஸ் ஏறி வரவேண்டிய தூரம். அதற்குப் பதினைந்து வருஷம் முன்பு, 2000-த்தில், கண்ணகி நகரில் குடியேற்றத் தொடங்கியவர்களுக்கும் இதே கதைதான். கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னால் வேலை கிடைப்பது கஷ்டம் என்று அங்கிருக்கும் பையன்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் நண்பருக்குக் கிடைத்த அதே "ஓ, அப்படியா!"

பேட்டைகளை ஒப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கூலிக்காரன் முதல் கோடீசுவரன் வரை வீடு தேடுகிறவன் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். குழாயில் தண்ணீர் வருகிறதா, பள்ளிக்கூடம் பக்கமா, ராத்திரி பெண்கள் தனியாக நடக்க முடியுமா, வாடகை கட்டுமா என்று எல்லாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பேட்டையைக் கெட்டது என்று சொல்லுமுன், அந்தப் பேட்டை மற்றப் பேட்டைகளுக்கு எதைக் கொடுத்துவிட்டு இப்படி நிற்கிறது என்பதையும் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கலாம். ஒரு பேட்டையை நல்லது என்று சொல்லி முன்பணம் கொடுக்குமுன், இங்கே முன்பு என்ன இருந்தது என்றும் கேட்டுவிடலாம். இரண்டாவது கேள்வி பணத்தைக் காப்பாற்றும். முதல் கேள்வி மனிதத்தன்மையைக் காப்பாற்றும்.

நண்பர் விஷயம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அவர் இன்னும் வீடு வாங்கவில்லை. அதற்குள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை பெரம்பூர்க்காரர்! பெண் பார்க்க வந்த அன்று நானும் இருந்தேன். யாரும் "ஓ, அப்படியா" என்று சொல்லவில்லை. எல்லாரும் பேசி முடித்த பிறகு, மூலையில் உட்கார்ந்திருந்த கிழவி பையனைப் பார்த்துக் கேட்டார்:

"உங்க தெருவுலே மழை பேஞ்சா தண்ணி எங்கே போவும், கண்ணு?"

நண்பர் நெளிந்தார். பையன் சற்று யோசித்தான். "எங்கேயும் போவாது, பாட்டி. ரெண்டு நாள் முட்டி வரைக்கும் நிக்கும். அப்புறம்தான் வடியும்" என்றான்.

கிழவி மகன் பக்கம் திரும்பினார். "தாம்பூலத்தை மாத்துடா. பையன் பொய் சொல்ல மாட்டான்" என்றார்.